440 எஞ்சின் சேலஞ்சருக்கு உரியது 22 அங்குல ரேடியேட்டரா, 26 அங்குல ரேடியேட்டரா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: நீங்கள் புதுப்பித்துக்கொண்டிருக்கும் 1970ஆம் ஆண்டு டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி காரில் 440 (கன அங்குலக் கொள்ளளவு) எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியும் உள்ளன, ஏசி கிடையாது, பின் அச்சின் விகிதம் 3.23. அதில் இப்போது இருக்கும் 22 அங்குல ரேடியேட்டர் ஒழுகுகிறது. பழைய உதிரிபாகம் விற்பவர் ஒருவர், "440 எஞ்சின் கார்கள் எல்லாமே 26 அங்குல ரேடியேட்டரோடுதான் ஆலையிலிருந்து வந்தன, உங்கள் காரில் இருப்பதை யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள்" என்று சொல்லி, எண் பொறித்த 26 அங்குல ரேடியேட்டர் ஒன்றை நல்ல விலைக்குத் தருவதாகக் கூறுகிறார். அவர் சொல்வது சரியா, ஆலையில் பொருத்தப்பட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொல்வது சரியல்ல. நீங்கள் எழுதிய விவரங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் காருக்கு உரியது அந்த 22 அங்குல ரேடியேட்டராகவே இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் என் சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சான்றுகள் உங்கள் காரிலேயே இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் படிப்பது என்பதுதான் முக்கியம். பலரும் முதலில் ரேடியேட்டரைக் கையில் எடுத்து அதில் உள்ள எண்ணைத் தேடுகிறார்கள். ரேடியேட்டர் காரைவிட்டு எளிதில் கழன்று போகும் பொருள். நான்கு போல்ட்டுகளையும் ஹோஸ்களையும் கழற்றினால் வேறொரு காரில் ஏறிவிடும். ஆகவே கழற்ற முடியாத இடங்களிலிருந்து தொடங்கி, ரேடியேட்டரைக் கடைசியில் விசாரிப்பதே சரியான முறை.

இரண்டு அளவுகள் ஏன் இருந்தன என்பதை முதலில் மனத்தில் கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் ரேடியேட்டரை எஞ்சினின் பெயருக்காக ஒதுக்கவில்லை, அந்தக் கார் தாங்க வேண்டிய வெப்பச் சுமைக்காக ஒதுக்கியது. ஏசி பொருத்தினால் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் வந்து நின்று, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கிவிடும். கார் நெரிசலில் நிற்கும்போதும் எஞ்சின் ஏசி கம்ப்ரெசரைச் சுழற்றியாக வேண்டும். பின் அச்சின் விகிதம் 3.23 என்பதற்குப் பதிலாக 4.10 ஆனால், அதே வேகத்தில் ஓடுவதற்கு எஞ்சின் ஏறத்தாழ 27 சதவீதம் கூடுதலாகச் சுழல வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் அப்படிச் சுழலும் எஞ்சின் வெளியேற்றும் வெப்பத்துக்கு அகலமான ரேடியேட்டர் தேவை. 22 அங்குலத்திலிருந்து 26 அங்குலத்துக்குப் போகும்போது காற்றுபடும் அகலம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது. இந்தச் சுமைகள் எதுவும் இல்லாத 440 எஞ்சின் காருக்கு 22 அங்குலமே போதும் என்று பொறியாளர்கள் முடிவு செய்திருந்தார்கள். 375 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினுக்குச் சிறிய ரேடியேட்டரா என்று இன்று நமக்கு வியப்பாக இருக்கலாம். நம் வியப்பு சான்றாகாது.

1970 சேலஞ்சரிலும் அதன் உடன்பிறப்பான பிளைமவுத் பாரகுடாவிலும் 26 அங்குல ரேடியேட்டர் வரும் வழிகள் சிலவே. 426 ஹெமி எஞ்சின் என்றால் 26 அங்குலம்தான். 440 எஞ்சினோடு ஏசி வாங்கியிருந்தாலும், அதிகபட்சக் குளிரூட்டும் தொகுப்பான என்51 கேட்டு வாங்கியிருந்தாலும் 26 அங்குலம் வரும். இவை தவிர, அச்சுத் தொகுப்புகள் வழியாகவும் அது வந்தது: 3.55 விகிதம் கொண்ட ஏ36, நான்கு வேக மேனுவல் கியரோடு 3.54 விகித டானா அச்சை (டானா நிறுவனம் செய்த கனரகப் பின் அச்சு) தந்த ஏ33 என்னும் 'டிராக் பேக்', 4.10 விகித டானா அச்சைத் தந்த ஏ34 என்னும் 'சூப்பர் டிராக் பேக்' ஆகியவற்றின் விலையிலேயே பெரிய ரேடியேட்டரும் அடங்கியிருந்தது. வாங்கியவர் ரேடியேட்டரைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசியிருக்க மாட்டார், 4.10 அச்சைக் கேட்டதால் அது தானாக வந்து சேர்ந்தது. உங்கள் காரில் 3.23 விகிதம், ஏசி இல்லை என்றபோதே பெரும்பாலான கதவுகள் மூடிவிட்டன. என்51 மட்டுமே மிச்சம்.

அதற்கு ஃபெண்டர் டேக் என்று அழைக்கப்படும் சிறு உலோகத் தகட்டைப் பாருங்கள். எஞ்சின் அறைக்குள், ஓட்டுநர் பக்கத்து உள் ஃபெண்டரின் மேல் அது திருகப்பட்டிருக்கும். அதைக் கீழ்வரியிலிருந்து மேல்நோக்கியும், ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். கீழ்வரியின் தொடக்கத்தில் இ86 என்று இருந்தால் அது நான்கு பீப்பாய் கார்புரேட்டர் கொண்ட 440; டி32 என்றால் கனரக ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி. அதே தகட்டில் எச்51 என்பது ஏசியைக் குறிக்கும். என்51, அல்லது ஏ என்னும் எழுத்தில் தொடங்கும் மேற்சொன்ன தொகுப்புகளில் ஒன்று, அல்லது வெறுமனே 26 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தால் விற்பவரின் வாதத்துக்கு இடமுண்டு. ஆம், 26 என்ற இரண்டிலக்க எண் தனியாக நின்றாலே அது 26 அங்குல ரேடியேட்டரைத்தான் குறிக்கிறது. அறியாதவர்கள் அதை வேறு ஏதோ ஆலைக் குறியீடு என்று தாண்டிப் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் தகட்டில் ஒன்று இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. எல்லா ஆலைகளும் எல்லாக் காலத்திலும் ஒரே அளவு நிறைவாகப் பொறிக்கவில்லை; மேலும் இன்று புதிதாக அடித்த தகடுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. தகட்டின் திருகுகளும், அவற்றைச் சுற்றிய பெயின்ட்டும் பழையனவாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

தகட்டைவிட நம்பத்தக்கது பிராட்காஸ்ட் ஷீட் என்னும் காகிதம். ஆலையில் ஒவ்வொரு காருக்கும் எதெதைப் பொருத்த வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்வதற்காக அச்சிட்ட தாள் அது. பின் இருக்கையின் சுருள் கம்பிகளுக்கிடையிலும், முன் இருக்கைகளுக்கு அடியிலும், கையுறைப் பெட்டியின் மேற்புறத்திலும் மடிந்து கிடந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த கதைகள் ஏராளம். இருக்கை உறைகளை நீங்கள் இன்னும் பிரிக்கவில்லை என்றால், பிரிக்கும்போது அருகில் இருங்கள். எலி கடித்த துணுக்கு கிடைத்தாலும் எறியாதீர்கள். அதில் மிஞ்சியிருக்கும் ஒரு கட்டம் போதும்.

அடுத்ததாக வருவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் வலுவான சான்று: ரேடியேட்டரைத் தாங்கி நிற்கும் முன்புறத் தகரச் சட்டம். இதை யோக் என்பார்கள். அந்தச் சட்டத்தின் நடுவில் காற்று புகுவதற்கான திறப்பு இருக்கும். 22 அங்குல ரேடியேட்டர் பொருத்திய காருக்குக் குறுகிய திறப்பு. 26 அங்குலத்துக்கு அகலமான திறப்பு. கிரைஸ்லர் இந்த உடலமைப்புக் கார்களில் வின் எனப்படும் காரின் அடையாள எண்ணின் பின்பகுதியை எஞ்சினில் மட்டுமல்லாமல் இந்தச் சட்டத்திலும் அடித்திருக்கிறது: மாடல் ஆண்டைக் காட்டும் ஓர் இலக்கம், ஆலையைக் காட்டும் ஓர் எழுத்து, பின்னர் ஆறு இலக்க வரிசை எண். 1970 சேலஞ்சர் என்றால் 0 என்று தொடங்கி, ஹாம்ட்ராம்க் ஆலையானால் பி, லாஸ் ஏஞ்சலஸ் ஆலையானால் இ என்று தொடரும். அந்த எண் உங்கள் டேஷ்போர்டில் உள்ள வின் தகட்டோடு ஒத்துப்போனால், அந்தச் சட்டம் உங்கள் காரோடு பிறந்தது. அதன் திறப்பின் அகலமே உங்கள் கேள்விக்கு விடை.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தக் கார்களை வைத்திருந்த பலர், எஞ்சின் சூடாகிறது என்பதற்காகக் குறுகிய திறப்பை வெட்டி அகலமாக்கிப் பெரிய ரேடியேட்டரை மாட்டினார்கள். திறப்பின் செங்குத்தான இரு ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். அச்சில் அழுத்தி உருவாக்கிய ஓரம் சீராகவும், மேல் கீழ் மூலைகளில் ஒரே வளைவோடும் இருக்கும். பின்னால் வெட்டியது நேராக இராது, மூலைகளில் வளைவு மாறும், ரம்பத்தின் அல்லது கேஸ் கட்டரின் தடம் பெயின்ட்டுக்கு அடியிலும் தெரியும். இரண்டு ஜோடி போல்ட் துளைகள் தென்பட்டாலும் ஐயப்பட வேண்டும். முன்பு ஒரு நண்பரின் காருக்காக அகலமான திறப்பைக் கண்ட மகிழ்ச்சியில் இந்த ஓரங்களைப் பார்க்காமலேயே 26 அங்குல ரேடியேட்டர் ஒன்றைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். சட்டத்தைப் பெயின்ட் நீக்கிச் சுத்தம் செய்தபோதுதான் வெட்டிய தடம் வெளிப்பட்டது. அன்று முதல் பெயின்ட்டை நீக்கிப் பார்க்காமல் எந்தச் சட்டத்தைப் பற்றியும் கருத்துச் சொல்வதில்லை.

இனி ரேடியேட்டருக்கு வரலாம். அளக்கும்போது செம்புத் துடுப்புகளும் குழாய்களும் உள்ள பகுதியின் அகலத்தை மட்டும் அளக்க வேண்டும். பக்கங்களில் உள்ள தகரப் பட்டைகளையும் சேர்த்து அளந்துவிட்டு, "என்னுடையது 24 அங்குலம், இப்படி ஒன்று உண்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. 22, 26 என்பவை காற்று புகும் பகுதியின் அகலங்கள். இவை மேலிருந்து கீழ் பாயும் வகை. பித்தளைத் தொட்டி ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். மேல் தொட்டியில்தான் ஏழு இலக்க உதிரிபாக எண்ணும், தயாரித்த தேதிக்கான குறியும் அடிக்கப்பட்டிருக்கும். பல அடுக்குப் பெயின்ட்டில் அவை புதைந்திருக்கலாம். அதற்காக மணல் வீசிச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். மெல்லிய பித்தளையில் ஆழமில்லாமல் பதிந்த எழுத்து ஒரே நிமிடத்தில் மழுங்கிப் போகும். பெயின்ட் கரைப்பானை ஊற்றி, மென்மையான தூரிகையால் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள்.

எண் கிடைத்ததும் அதை அந்த ஆண்டுக்குரிய கிரைஸ்லர் உதிரிபாகப் பட்டியலில் உங்கள் எஞ்சின், கியர்பெட்டி, ஏசி உண்டா இல்லையா என்ற மூன்றோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். எண்ணைவிடத் தேதி பல சமயங்களில் அதிகம் பேசும். ஃபெண்டர் டேக்கில் திட்டமிட்ட உற்பத்தி நாள் மூன்று குறிகளில் இருக்கும்: ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபர் ஏ, நவம்பர் பி, டிசம்பர் சி; அதன்பின் நாள். சி15 என்றால் டிசம்பர் 15. 1970 மாடலுக்கு அது 1969ஆம் ஆண்டு டிசம்பர் ஆகும், ஏனெனில் அந்த மாடலின் உற்பத்தி 1969 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே உங்கள் ரேடியேட்டரில் 1969ஆம் ஆண்டுத் தேதியைக் கண்டு அது பழைய காருடையது என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாறாக, டிசம்பரில் கட்டிய காரில் மறுஆண்டு பிப்ரவரித் தேதியுள்ள ரேடியேட்டர் இருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், உதிரிபாக எண் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும், அந்தக் காரோடு பிறந்தது அல்ல. தேதி, உற்பத்தி நாளுக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை முந்தியதாக இருப்பது இயல்பு.

உங்களுக்கு விற்க வருவதில் நான் முதன்மையாக ஐயப்படுவது இந்த எழுத்துகளைத்தான். பழைய தொட்டியின் எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண்ணை அடிப்பதும், புதிதாகச் செய்த தொட்டியில் வேண்டிய தேதியை அடித்துத் தருவதும் இன்று வழக்கமான தொழில். வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அதில் தவறில்லை; ஆலைப் பொருள் என்று சொல்லி விற்பதுதான் தவறு. ஆலையில் ரேடியேட்டரின் பாகங்களை ஈயப் பற்றால் இணைப்பதற்கு முன்பே, தட்டையான நிலையில் எண் அழுத்தப்பட்டதா, அல்லது முழுமையான தொட்டியின் மேல் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் அடிக்கப்பட்டதா என்பதை எழுத்துகளின் ஆழமும் வரிசையும் காட்டிவிடும். ஓர் எழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருந்தாலோ, எழுத்தைச் சுற்றிப் பித்தளை உள்நோக்கிக் குழிந்திருந்தாலோ, எழுத்தின் பள்ளத்தில் மட்டும் புதுப் பித்தளையின் மினுமினுப்பு இருந்தாலோ கவனமாக இருங்கள். அதே உற்பத்தி மாதத்தைச் சேர்ந்த, கைபடாத ரேடியேட்டர் ஒன்றின் படத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தின் வடிவத்தை ஒப்பிடுவதே சிறந்த வழி.

தொட்டி உண்மையாக இருந்தும் நடுப்பகுதி மாறியிருக்கலாம். ஒழுகும் ரேடியேட்டரை அந்தக் காலத்தில் பட்டறைக்கு அனுப்பினால், தொட்டிகளைப் பிரித்து, பழைய நடுப்பகுதியை எறிந்துவிட்டு, கையில் இருந்த புதியதை வைத்து மீண்டும் பற்றவைத்துத் தருவார்கள். மூன்று வரிசைக் குழாய் இருந்த இடத்தில் நான்கு வரிசை வந்திருக்கும். துடுப்புகளின் நெருக்கம் மாறியிருக்கும். தொட்டியின் விளிம்பில் பற்று தடித்து, அலையலையாக இருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படி மாற்றியதால்தான் எத்தனையோ அசல் தொட்டிகள் இன்றுவரை பிழைத்திருக்கின்றன.

கீழ்த் தொட்டியையும் கவனியுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் கீழ்த் தொட்டிக்குள் இருக்கும். அதற்கான இரண்டு இணைப்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் காருக்கு அவை இருந்தே ஆக வேண்டும். கீழ் ஹோஸ் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் ஆண்டைக் காட்டும் குறிதான், குறிப்பாகச் சிறிய எஞ்சின்களில்: 318, 340 எஞ்சின்களின் இரும்புத் தண்ணீர் பம்பில் 1969 வரை பயணி பக்கம் இருந்த வாய், 1970இல் அலுமினியப் பம்ப் வந்தபோது ஓட்டுநர் பக்கத்துக்கு மாறியது. உங்கள் 440இல் அது பயணி பக்கம்தான். அதனால் 1970 முதலான சிறிய எஞ்சின் காரின் ரேடியேட்டரை உங்கள் காருக்கு என்று யாரேனும் நீட்டினால் பார்த்த மாத்திரத்தில் மறுத்துவிடலாம்.

விசிறியும் அதைச் சுற்றிய கூண்டும் துணைச் சான்றுகள் மட்டுமே. 26 அங்குல ரேடியேட்டரோடு ஏழு இறக்கை கொண்ட விசிறியும், வெப்பத்துக்கேற்ப விசிறியின் வேகத்தை மாற்றும் விஸ்கஸ் கிளட்ச்சும், கூண்டும் சேர்ந்து வரும். இவற்றையும் பிற்காலத்தில் மாட்டியிருக்கலாம் என்பதால் இவற்றிலிருந்து தொடங்கி வாதிட வேண்டாம்.

ஃபோர்டு, ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களை வைத்திருக்கும் நண்பர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு. நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட்டில் இருந்த ஜிஎம்மின் ஹாரிசன் பிரிவு செய்த ரேடியேட்டர்களில் எண்ணும் எழுத்துக் குறியீடும் கொண்ட சிறு தகடு தொட்டியில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ரேடியேட்டரைப் பட்டறையில் பிரிக்கும்போது முதலில் தொலைவது அந்தத் தகடுதான். ஃபோர்டில் ரேடியேட்டருக்கான அடிப்படை எண் 8005. அதற்கு முன்னால் உள்ள நான்கு குறிகளில் சி என்பது அறுபதுகளையும், அடுத்த இலக்கம் ஆண்டையும், மூன்றாம் எழுத்து கார் வகையையும் காட்டும். நான்காம் இடத்தில் இ இருந்தால் எஞ்சின் பொறியியல் பிரிவு தந்த எண். இசட் இருந்தால் அது கடையில் மாற்றுப் பாகமாக விற்பதற்கான எண். மஸ்டாங் வைத்திருப்பவர்கள் சி9இசட்இ, சி9இசட்இசட் என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

உங்கள் காருக்குத் திரும்பினால், நான் செய்யச் சொல்வது இதுதான். முதலில் யோக் சட்டத்தில் உள்ள எண்ணை வெளிக்கொணர்ந்து வின் எண்ணோடு ஒப்பிடுங்கள். திறப்பின் ஓரங்களைப் பெயின்ட் நீக்கிப் பாருங்கள். எண் ஒத்து, திறப்பு குறுகியதாக, ஓரங்கள் கைபடாமல் இருந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது. பிறகு உங்கள் 22 அங்குல ரேடியேட்டரின் மேல் தொட்டியில் உள்ள எண்ணையும் தேதியையும் படியுங்கள். தேதி உங்கள் உற்பத்தி நாளுக்குச் சற்று முந்தியதாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது அந்தக் காரோடு ஆலையின் கதவைத் தாண்டி வந்த அதே ரேடியேட்டர். விற்பவர் காட்டும் பெரிய ரேடியேட்டர் எத்தனை அசலானதாக இருந்தாலும் அது வேறொரு காரின் அசல். உங்கள் சட்டத்தை வெட்டினால்தான் அது உட்காரும். அந்த வெட்டு, உங்கள் காரின் எண் பதிந்த தகரத்தின் மேல் விழும்.

ஒழுக்கைப் பொறுத்தவரை, செம்பு பித்தளை வேலை தெரிந்த பழைய ரேடியேட்டர் பட்டறை ஒன்றைத் தேடி, இரண்டு தொட்டிகளையும் பக்கப் பட்டைகளையும் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பழைய நடுப்பகுதியை எறிவதற்கு முன் அதன் குழாய் வரிசைகளையும், ஓர் அங்குலத்தில் உள்ள துடுப்புகளின் எண்ணிக்கையையும் நீங்களே எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே அளவில் புதியதைக் கேளுங்கள். தொட்டியில் பள்ளம் இருந்தால் எழுத்துகள் உள்ள பக்கத்தைச் சுத்தியலோ அரமோ தொடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது பட்டறையில் மறந்துபோகும். சதுர அங்குலத்துக்கு 16 பவுண்டு அழுத்தத்துக்கான மூடி போடும் ரேடியேட்டர் என்பதால், வேலை முடிந்ததும் அந்த அழுத்தம் வரை ஏற்றிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக மெல்லிய அரைப் பளபளப்புக் கறுப்புப் பெயின்ட் போதும். துடுப்புகளின் மேல் தடித்துப் பூசினால் வெப்பம் வெளியேறாது, தொட்டியின் மேல் தடித்துப் பூசினால் நீங்கள் இவ்வளவு பாடுபட்டுப் படித்த எழுத்துகள் மறுபடியும் மூடிப்போகும்.